ஆரணிப் பட்டும் அசல் ஜரிகையும்

ஆரணிப் பட்டு என்பது திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கைத்தறியில் நெய்யப்படும் பட்டுச் சேலையைக் குறிக்கும். இச்சேலையின் கரையிலும் முந்தானையிலும் புட்டாக்களிலும் மின்னும் பொன்னிற இழையே ஜரிகை. சேலையின் விலையில் பெரும்பகுதியை முடிவு செய்வது ஜரிகைதான். பட்டு நூலின் தரத்தைக் கையால் தொட்டே ஓரளவு கணிக்கலாம். ஜரிகை அப்படிப்பட்டதன்று. வெள்ளியும் பொன்னும் கலந்த அசல் ஜரிகையும், செம்பில் முலாம் பூசிய ஜரிகையும், பிளாஸ்டிக் இழையும் கடை வெளிச்சத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரி தோன்றும். திருமணத்திற்குச் சேலை எடுக்க வருவோரும், திருவண்ணாமலைக்கும் படவேட்டிற்கும் வந்துவிட்டு நினைவாக ஒரு பட்டு வாங்கிச் செல்வோரும் ஏமாறும் இடம் இதுவே.

இக்கட்டுரை ஜரிகையின் வரலாறு, செய்முறை, வகைகள், அசலைக் கண்டறியும் வழிகள் ஆகியவற்றை விளக்குகிறது.

வட்டாரம்

போளூரும் ஆரணியும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இரண்டும் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தில் அமைந்தன. விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதை போளூர் வழியாகச் செல்கிறது. ஆரணி நகருக்குள் இரயில் இல்லை. களம்பூரில் உள்ள நிலையமே 'ஆரணி ரோடு' என்ற பெயர் பெற்றுள்ளது. ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் உண்டு. செங்குந்தரும் சௌராட்டிரரும் பிற சமூகத்தாரும் நெசவில் ஈடுபட்டுள்ளனர்.

ஆரணி தொடக்கத்தில் பட்டுக்காக மட்டும் அறியப்பட்ட ஊரன்று. 19ஆம் நூற்றாண்டில் 'ஆரணி மஸ்லின்' எனப்பட்ட மெல்லிய பருத்தித் துணி புகழ் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் காலத்துத் துணி பற்றிய நூல்களில் டாக்கா மஸ்லினோடு சேர்த்து ஆரணியின் பெயரும் குறிப்பிடப்படுகிறது. ஆலைத்துணியின் வரவால் கைநெசவுப் பருத்தி நலிந்தது. நுண்ணிழை நெய்து பழகிய கைகள் காலப்போக்கில் பட்டுக்கு மாறின. ஆரணிச் சேலை காஞ்சிபுரம் சேலையைவிட எடை குறைந்தது, அன்றாட விசேஷங்களுக்குக் கட்ட ஏற்றது என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆரணிப் பட்டு பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது.

சொல்லும் பொருளும்

பாரசீக மொழியில் 'ஸர்' என்றால் பொன். அதிலிருந்து பிறந்த 'ஸரி' என்ற சொல்லே பல இந்திய மொழிகளிலும் பரவியது. தமிழில் அகராதிகள் 'சரிகை' என்று எழுதும். தறித்தெருவிலும் கடைவீதியிலும் 'ஜரிகை' என்றே வழங்கும்.

சொல் வெளியிலிருந்து வந்ததாயினும், பட்டு நெசவும் பொருளின் தரம் அறியும் கலையும் தமிழருக்குப் பழையவை. சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் பட்டு நூலாலும் பருத்தி நூலாலும் நெய்வோர் குடியிருப்பைக் குறிப்பிடுகிறது. அதே காப்பியத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருகிறது. அங்கே வணிகர்கள் வயிரத்தின் குற்றங்களையும் ஒன்பது மணிகளின் இயல்பையும் ஆராய்ந்து பிரிக்கின்றனர். காப்பியத்தின் திருப்புமுனையும் ஒரு தரச்சோதனையே. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்த பிறகே உண்மை வெளிப்பட்டது. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் இரு பொருள்களை உள்ளிருப்பதைக் கொண்டு பிரித்தறிய வேண்டும் என்ற பாடம் ஜரிகைக்கும் பொருந்தும்.

ஜரிகை செய்யப்படும் முறை

அசல் ஜரிகையின் உடல் வெள்ளி. வெள்ளியை உருக்கி, உறுதிக்காகச் செம்பு சேர்த்து, கம்பியாக்குவர். அந்தக் கம்பியை மேலும் மேலும் சிறிய துளைகள் வழியே இழுத்து, தலைமயிரைப் போல மெலிய வைப்பர். பிறகு இரு உருளைகளுக்கிடையே செலுத்தி நாடா போலத் தட்டையாக்குவர். சிவப்பு அல்லது மஞ்சள் சாயமிட்ட பட்டு நூலின் மேல் இந்த நாடாவை இடைவெளி தெரியாதபடி சுற்றுவர். கடைசியில் பொன் முலாம் ஏற்றப்படும். ஆகவே ஒரு ஜரிகை இழையில் நடுவே பட்டு, அதன் மேல் வெள்ளி கலந்த உலோகம், அதற்கும் மேல் பொன் என்று மூன்று அடுக்குகள் உள்ளன.

மின்முலாம் வருவதற்கு முன்பு முறை வேறு. வெள்ளிக் கட்டியின் மேல் பொன் தகட்டைச் சுற்றிச் சூடேற்றி ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்தே கம்பியாக இழுத்தனர். பொன் மிக எளிதில் நீளக்கூடிய உலோகம். கம்பி எவ்வளவு மெலிந்தாலும் மேலிருக்கும் பொன்னும் அறுபடாமல் உடன் நீண்டு அதை மூடிக்கொண்டே வரும். மாணவர்கள் இயற்பியலில் படிக்கும் 'கம்பியாக நீளும் தன்மை' என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தறித்தெருவில் ஜரிகையை 'மார்க்' என்ற அளவால் கணக்கிடுவர். ஒரு மார்க் சுமார் 242 கிராம். மார்க் என்பது பிரான்சு, ஜெர்மனி முதலிய நாடுகளில் பொன்னையும் வெள்ளியையும் நிறுக்க முன்பு வழங்கிய எடையின் பெயர். அந்நாடுகள் மெட்ரிக் அளவைக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. நம் நெசவாளர் பேச்சில் அச்சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கங்களின் பட்டுச் சேலைக்கு வழங்கப்படும் அசல் ஜரிகையில் வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5 விழுக்காடு, பட்டு 24 விழுக்காடு, பொன் 0.5 விழுக்காடு என்ற விகிதம் வழக்கில் உள்ளது. ஒரு மார்க் ஜரிகைக்கு இதைக் கணக்கிட்டால் வெள்ளி 96.8 கிராம், செம்பு 85.9 கிராம், பட்டு 58.1 கிராம், பொன் 1.2 கிராம் வரும். 'பொன் ஜரிகை' என்று சொல்லப்படும் அசல் ஜரிகையிலேயே பொன்னின் அளவு இவ்வளவுதான். 'கனமான தங்க ஜரிகை' என்று யாரேனும் விற்றால் இந்தக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். 

வரலாறு

முகலாயர் காலத்தில் சூரத் பெரிய துறைமுகமாக இருந்தது. பொன்னிழை செய்யும் தொழிலும் அங்கு வேரூன்றியது. காசி, சூரத் போன்ற நகரங்களின் ஜரிகை அரண்மனை ஆடைகளுக்கும் கோயில் பட்டுகளுக்கும் சென்றது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய இயந்திர ஜரிகை இந்தியச் சந்தையை நிறைத்தது. பிரான்சின் லியோன் நகரத்து ஜரிகை அதில் பெயர் பெற்றது. இழை சீராகவும் மெல்லியதாகவும் இருந்ததால் நெசவாளர் அதை விரும்பினர். பாட்டி காலத்துச் சேலையைக் காட்டி 'இது பிரெஞ்சு ஜரிகை' என்று பெருமையாகச் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இப்போதும் உண்டு.

முதல் உலகப் போரின்போது கடல் வணிகம் தடைப்பட, சூரத் தொழில் மீண்டும் தலையெடுத்தது. போர் முடிந்ததும் இறக்குமதி திரும்பியது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இந்தியச் சுங்க வாரியம் பொன்னிழைத் தொழிலைப் பற்றி ஆராய்ந்து 1930இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1931இல் பொன்னிழைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதன் பிறகு தென்னிந்தியத் தறிகளுக்கு ஜரிகை வழங்கும் முதன்மையான இடமாகச் சூரத் நிலைபெற்றது.

ஒரே ஊரை நம்பியிருந்ததால் விலையும் தரமும் தமிழ்நாட்டு நெசவாளரின் கையில் இல்லாமல் போயிற்று. இதற்கு மாற்றாக 1971இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உறுதியான தரத்தில் ஜரிகை வழங்குவது இதன் நோக்கம்.

போலி ஜரிகை பெருகியதற்கான காரணத்தை வெள்ளி விலையில் தேட வேண்டும். உலகச் சந்தையில் வெள்ளி 1980 சனவரியில் ஓர் அவுன்சுக்கு, அதாவது சுமார் 31.1 கிராமுக்கு, 50 டாலரை நெருங்கியது. பின்பு வீழ்ந்தது. 2011 ஏப்ரலில் மீண்டும் அந்த உயரத்தை எட்டியது. 2025 அக்டோபரில் அதையும் தாண்டியது. வெள்ளி ஏறும்போதெல்லாம் சேலையின் விலை ஏற வேண்டும். இல்லாவிட்டால் சேலையில் உள்ள வெள்ளி குறைய வேண்டும். வாங்குபவர் கேட்பது பழைய விலையும் பழைய பளபளப்பும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வல்லது முலாம் பூசிய செம்பு ஒன்றே.

ஜரிகை வகைகள்

இன்று சந்தையில் உள்ளவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. அசல் ஜரிகை: பட்டு நூலின் மேல் வெள்ளி மிகுந்த நாடா சுற்றி, பொன் முலாம் இட்டது.

2. ஹாஃப்-ஃபைன் ஜரிகை: செம்பு மிகுந்த கம்பியின் மேல் வெள்ளிப் பூச்சும் அதன் மேல் பொன்னிறமும் கொண்டது. வெள்ளியின் அளவு அசலைவிட மிகக் குறைவு.

3. டெஸ்டட் ஜரிகை: செம்புக் கம்பியில் மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டும் இருக்கும். உள்நூல் பட்டாக இராது. பருத்தியோ செயற்கை நூலோ இருக்கும்.

4. பிளாஸ்டிக் ஜரிகை: பாலியஸ்டர் ஏட்டில் உலோக நிறம் ஏற்றி மெல்லிய கீற்றாக வெட்டியது. இதில் வெள்ளி, பொன் எதுவும் இல்லை.

மூன்றாம் வகையின் பெயர் பலரைக் குழப்புகிறது. 'டெஸ்டட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'சோதிக்கப்பட்டது' என்று பொருள். 'இது டெஸ்டட் ஜரிகை' என்று கடைக்காரர் சொன்னால், தரம் சோதித்துச் சான்று பெற்ற ஜரிகை என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். வணிக வழக்கில் அதன் பொருள் நேர்மாறானது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வாங்குபவரும் தவறாகக் கேட்கவில்லை. ஆனாலும் ஏமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஹாஃப்-ஃபைன், டெஸ்டட் ஆகியவற்றுக்கு இடையிலான எல்லையும் கடைக்குக் கடை மாறும். ஆகவே பெயரைக் கேட்பதைவிட 'வெள்ளி எத்தனை விழுக்காடு, உள்நூல் என்ன' என்று கேட்பது தெளிவு தரும்.

கண்டறியும் முறைகள்

சோதனைக்குச் சேலையின் உடலிலிருந்து இழையை உருவக் கூடாது. நேர்மையான கடைகளில் அதே ஜரிகையின் துண்டு இழையைக் கேட்டுப் பெறலாம். சேலையின் பின்புறத்தில் புட்டாக்களை ஒட்டி வெட்டிவிடப்பட்ட இழைமுனைகளும் போதும்.

உள்நூலைப் பார்த்தல்: இழையை நகத்தால் சுரண்டி நாடாவைப் பிரித்தால் உள்நூல் தெரியும். அசல் ஜரிகையில் பெரும்பாலும் சிவப்புப் பட்டு இருக்கும். 'உள்ளே சிவப்பு இருந்தால் அசல்' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. போலி செய்வோரும் பருத்தி நூலுக்கும் செயற்கை நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றுகின்றனர். எனவே நிறத்தோடு நிற்காமல் அந்த நூல் பட்டா என்றும் பார்க்க வேண்டும்.

எரித்துப் பார்த்தல்: உள்நூலைத் தனியே பிரித்து எரித்தால், பட்டு மயிர் கருகும் மணத்தைத் தரும், சாம்பல் விரலிடையே பொடியாகும். பருத்தி, காகிதம் எரியும் மணம் தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

உரைத்துப் பார்த்தல்: பொற்கொல்லர் வைத்திருக்கும் உரைகல்லில் ஜரிகையைத் தேய்த்தால் மேல் முலாம் போய் உள்ளிருக்கும் உலோகத்தின் நிறம் கல்லில் விழும். வெண்மை மிகுந்தால் வெள்ளி. செம்மை ஏறினால் செம்பு. பழகிய கண் இந்த வேறுபாட்டை எளிதில் சொல்லிவிடும். பிளாஸ்டிக் ஜரிகை உலோகக் கோடு எதையும் விடாது.

கறுத்தலைப் பார்த்தல்: 'அசல் ஜரிகை கறுக்காது' என்று சொல்வது தவறு. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்தால் கறுக்கும். பொன் முலாம் தேய்ந்த இடத்தில் அசல் ஜரிகையும் மங்கும். ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்தும் வாங்கிய நாள் போலவே மின்னுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. மின்னுவதை அசலின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

கருவியால் அறிதல்: ஐயமறத் தெளியும் வழி எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை. ஜரிகையின் மேல் எக்ஸ்-கதிர் பட்டதும் அதிலுள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஆற்றலுடைய கதிரைத் திருப்பி வெளியிடும். அதை அளந்து வெள்ளி, செம்பு, பொன் ஆகியவற்றின் விகிதத்தைக் கருவி காட்டும். இழையை அறுக்கவோ எரிக்கவோ தேவையில்லை. காஞ்சிபுரத்தில் இவ்வகைச் சோதனை வசதி உள்ளது. பட்டு போன்ற உயிர்ப்பொருளை இக்கருவி காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

சேலையோடு தொங்கும் முத்திரைகளைப் பார்த்து 'எல்லாம் சோதித்தாயிற்று' என்று எண்ணுவது இயல்பு. ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது.

'சில்க் மார்க்' 2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்தது. துணி தூய பட்டா என்ற கேள்விக்கு இது விடை. ஜரிகை அசலா என்பது பற்றி இம்முத்திரை உறுதி எதுவும் தருவதில்லை.

'ஹேண்ட்லூம் மார்க்' 2006இல் தொடங்கப்பட்டது. கைத்தறியில் நெய்ததா என்ற கேள்விக்கு இது விடை. விசைத்தறிப் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் உள்ளது. கரையும் முந்தானையும் கொண்ட பட்டுச் சேலை அச்சட்டத்தால் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட வகைகளுள் ஒன்று.

புவிசார் குறியீடு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்த வட்டாரத்தில், எந்த மரபுப்படி செய்யப்பட்டது என்ற கேள்விக்கு இது முதன்மையாக விடை சொல்கிறது.

பொன் நகைக்கு 2021 சூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் சேலையின் ஜரிகைக்கு அப்படிப்பட்ட கட்டாய முத்திரை இல்லை. ஆகவே வாங்குபவருக்கு உள்ள வலுவான காப்பு விற்பனைச் சீட்டு. 'பட்டுச் சேலை' என்று மட்டும் எழுதிய சீட்டால் பயனில்லை. ஜரிகை அசலா, ஹாஃப்-ஃபைனா, டெஸ்டட்டா என்று எழுதித் தரக் கேட்க வேண்டும். எழுதித் தந்தது பொய்யானால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிட அதுவே சான்றாகும். எழுதித் தரத் தயங்குவதும் ஒருவகை விடைதான்.

நெசவாளரின் நிலை

ஜரிகை போலி என்று தெரிந்தால் வாங்கியவரின் சினம் முதலில் 'ஆரணிக்காரர்' மேல் திரும்புகிறது. நெசவாளர் பெரும்பாலும் ஜரிகையைத் தேர்ந்தெடுப்பவர் அல்லர். கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவர் எனப்படும் முதலாளியோ பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத் தருகின்றனர். நெய்து முடித்த சேலை மீண்டும் எடை போடப்பட்டுக் கூலி கணக்கிடப்படுகிறது. இழை எதுவோ அதை நெய்வதே தறியில் இருப்பவரின் வேலை.

உழைப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி ஆற்றுவது முதல், வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவது, கோர்வைக் கரைக்குத் துணையாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓடம் தள்ளுவது வரை எல்லாம் ஒன்றே. அசலுக்கும் போலிக்கும் இடையிலுள்ள பணம் தறிக்குழிக்கு வந்து சேர்வதில்லை. அது நூலுக்கும் கடைக்கும் நடுவே தங்கிவிடுகிறது. பெயர் கெடும்போது மட்டும் இழப்பு தறிக்கு வருகிறது. 'ஆரணிப் பட்டை நம்ப முடியாது' என்ற பேச்சு பரவினால், அசல் ஜரிகையில் நெய்யும் சங்கத்தின் சேலையும் சேர்ந்து தேங்கும். சேலை தேங்கினால் அடுத்த பாவு வராது. பாவு வராத வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்வர்.

ஒரு பொருள்: பல ஊர்களின் கதை

இத்தகைய குழப்பம் ஜரிகைக்கு மட்டும் உரியதன்று. அரேபியப் பாலைவனத்துப் பெடோயின் நாடோடி மக்களின் வெள்ளி நகைகளில் தேன் நிற மணிகள் கோக்கப்படுவதுண்டு. சுற்றுலா வருவோர் அவற்றை அம்பர் என்று நினைத்து நினைவுப் பொருளாக வாங்குகின்றனர். அம்பர் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின் மண்ணில் புதைந்து கல்லானது. ஆனால் அந்நகைகளில் உள்ள மணிகளில் பல, அவ்வளவு பழமையில்லாத கோபால் பிசினாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கின்றன. 1907இல் பேக்கலைட் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அவ்வகைச் செயற்கைப் பிசினில் செய்த மணிகள் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்க, அரபு நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றன.

அங்கும் சோதனைகள் நம் ஊர்ச் சோதனைகளைப் போன்றவையே. அம்பரைச் சூடான ஊசியால் தொட்டால் பைன் மரப்பிசின் மணக்கும். பிளாஸ்டிக் காரமான நெடி வீசும். உப்பு நிறையக் கரைத்த நீரில் அம்பர் மிதக்கும், பேக்கலைட் மூழ்கும். அந்நாட்டு நகைகளின் வெள்ளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1780 என்று ஆண்டு பொறித்த ஆஸ்திரிய மரியா தெரசா வெள்ளி நாணயங்கள் அரபு வணிகத்தில் நெடுங்காலம் புழங்கின. அவற்றை உருக்கி நகை செய்தனர். நாணயத்தையே நகையில் கோத்தும் அணிந்தனர்.

இந்த ஒப்பீட்டில் கவனிக்கத் தக்க ஒன்று உள்ளது. பேக்கலைட் மணி கோத்த பழைய நகையை ஒரு பெடோயின் பெண் தன் திருமணத்தில் அணிந்திருந்தால், மணி அம்பர் அல்ல என்பதற்காக அந்த நகை போலி மரபு ஆகிவிடாது. அதுபோலவே டெஸ்டட் ஜரிகையில் கைத்தறியில் நெய்த ஆரணிச் சேலையும் உண்மையான ஆரணிச் சேலையே. குறைந்த வருவாயுள்ள குடும்பத்து மணப்பெண்ணும் பொன்னிறக் கரையிட்ட பட்டு உடுத்த வழி செய்தது அந்த ஜரிகை. டெஸ்டட்டை டெஸ்டட் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பதில் குற்றம் இல்லை. அதை அசல் என்று சொல்லி அசலின் விலை வாங்கும்போதுதான் சேலை போலியாகிறது.

பழைய சேலைகள்

'பழைய பட்டுச் சேலை, வெள்ளி ஜரிகை வாங்குவோம்' என்று தெருவில் கூவி வருவோரைத் தமிழ்நாட்டு ஊர்களில் காணலாம். வாங்கிய சேலைகளின் ஜரிகையை எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரிப்பர். பழைய சேலைகளில் வெள்ளியின் அளவு கூடுதல் என்பதால் அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும். அசலுக்கு இதைவிட உறுதியான சான்று இல்லை. ஆனால் சான்று கிடைக்கும்போது சேலை இருப்பதில்லை. அரபு நாடுகளிலும் ஒருத்தி இறந்தபின் அவளுடைய வெள்ளி நகைகளை உருக்கிப் புதியவை செய்யும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பழமையான நகைகள் அங்கு அரிதாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தலைமுறையின் கரை வடிவம், சாய நிறம், புட்டா அமைப்பு ஆகியவை பழைய சேலையில்தான் பதிவாகி இருக்கின்றன. ஆரணி மஸ்லின் இன்று பெரும்பாலும் நூல்களில் உள்ள பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. எரிக்கும் சேலைகளோடு பட்டின் வரலாறும் அவ்வாறே குறையும். விற்க நேர்ந்தாலும், சேலையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, யாருடையது, எந்த ஆண்டு எடுத்தது, எந்த ஊரில் நெய்தது என்று குறித்து வைப்பது வீட்டிலுள்ள மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய வரலாற்றுப் பணியாகும். வைத்திருப்போர் அதைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி, நிழலில் காற்றாட விட வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த மடிப்பிலேயே ஒடிந்துவிடும்.

வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியவை

பட்டு, கைத்தறி, ஊர், ஜரிகை ஆகிய நான்கும் நான்கு தனிக் கேள்விகள். ஒன்றின் விடையை மற்றொன்றுக்குக் கொள்ளக் கூடாது. வெள்ளியின் அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு கடைக்குச் சென்றால், சேலையில் உள்ள ஜரிகை எடையைக் கொண்டு அசலின் குறைந்தபட்ச விலையை மதிப்பிட முடியும். அதற்கும் கீழே விலை சொல்லி 'அசல்' என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது என்று பொருள். கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களிலும், 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களிலும் ஜரிகையின் வகையைக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கலாம். அசல் ஜரிகைக்குப் பணம் போதாதவர் டெஸ்டட் என்று தெரிந்தே வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. எது வாங்கினாலும், எதை வாங்குகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால், தறியில் இருப்பவரின் பெயரும் கெடாமல் நிற்கும்.